நியூ ஜெர்சில எது துப்பாக்கி, எது இல்ல: புதுசா வந்த நம்மாளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

எடிசன்லயோ ஜெர்சி சிட்டிலயோ வீடு எடுத்தாச்சு, தோட்டத்துல கத்திரிச்செடிய கிரவுண்ட்ஹாக் வந்து தின்னுட்டுப் போகுது, பையன் வேற சின்ன உருண்டை குண்டு சுடற பி.பி. கன் வேணும்னு நச்சரிக்கிறான், பென்சில்வேனியா பக்கம் போனா கடையில சும்மா தொங்குது, அறுபது எழுபது டாலர் குடுத்து வாங்கி டிக்கில போட்டுட்டு பாலத்த தாண்டி வந்துரலாம்னு தோணுதுல்ல? அங்கதான் நிறுத்தணும். டெலவேர் ஆத்துக்கு அந்தப் பக்கம் விளையாட்டு சாமான், இந்தப் பக்கம் வந்தா சட்டப்படி துப்பாக்கி. அதே பொருள்தான், ஆனா ஸ்டேட் மாறினா அர்த்தம் மாறிடும்.

கிரீன் கார்டு வந்தப்புறம் ஒரு ஏர் ரைபிள் வாங்கலாம்னு கிளம்பி, எந்தக் கார்டு, எந்தப் பெர்மிட், எந்த ஸ்டேஷன்னு அலைஞ்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி குழம்பினப்புறம்தான் சட்டத்த நானே உக்காந்து படிச்சேன். அத கீழ வரிசையா எழுதிருக்கேன். நான் வக்கீல் இல்ல, கேஸ் கீஸ்னு வந்துட்டா இத நம்பாம வக்கீல்கிட்ட போங்க.

1. முதல்ல உங்க விசாவ பாருங்க

ஸ்டேட் சட்டத்துக்கு முன்னாடி ஃபெடரல் சட்டம் நிக்குது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. ஃபெடரல் சட்டம் டைட்டில் 18, செக்‌ஷன் 922ல இருக்கு. இதுக்கு சில விதிவிலக்கு உண்டு, அதுல சாதாரண ஆளுங்களுக்குப் பொருந்துறது அமெரிக்காவுல ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் கையில இருக்கறது. கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல.

இங்க நம்மாளுங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. 'வச்சிருக்கறது'ன்னா காசு குடுத்து வாங்கறது மட்டும்னு நினைச்சுக்கறாங்க. இல்லங்க. லாங் வீக்கெண்டுக்கு லாஸ் வேகாஸ் போயி, ஷூட்டிங் ரேஞ்சுல வாடகைக்கு துப்பாக்கி எடுத்து நாலு ரவுண்டு சுட்டு, அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறாங்களே, அதுவும் பொசெஷன்தான். ரேஞ்சுக்காரர் ஐடி மட்டும் பார்த்துட்டு விட்டுட்டார்னா அது உங்களுக்கு பாதுகாப்பு கிடையாது. ஃப்ரெண்டு துப்பாக்கிய வாங்கி கையில பிடிச்சுப் பார்க்கறதுகூட விசால இருக்கறவங்க தவிர்க்கறதுதான் நல்லது. கன் சம்பந்தப்பட்ட தண்டனை வந்தா கிரீன் கார்டு இருக்கறவங்களையே திருப்பி அனுப்ப இமிக்ரேஷன் சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு, அப்புறம் எச்-1பி எல்லாம் எம்மாத்திரம்.

2. டெஃபனிஷன் செக்‌ஷன திறந்து வச்சுக்கோங்க

நியூ ஜெர்சி கிரிமினல் சட்டத்துல 2சி:39-1 அப்படின்னு ஒரு செக்‌ஷன். அது முழுக்க சொல்லுக்கு அர்த்தம்தான், ஏ, பி, சி, டின்னு உட்பிரிவு வச்சு அடுக்கிருக்கும். நெட்ல இலவசமாவே கிடைக்கும், தேடி பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. யூட்யூப்ல டெக்சாஸ்காரன் சொல்றத கேட்டு இங்க எதுவும் பண்ணிடாதீங்க.

ஃபெடரல் சட்டத்துல துப்பாக்கின்னா வெடிமருந்து வெடிச்சு அந்த வேகத்துல குண்டு வெளிய போற சாமான். அதோட உடல் பாகமான ஃப்ரேம் அல்லது ரிசீவர், சைலன்சர் இதெல்லாமும் துப்பாக்கி கணக்குதான். காத்துல சுடற ஏர் கன் அதுல வராது. டெக்சாஸ்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், வெடிப்போ எரியற பொருளோ இருக்கணும்.

நியூ ஜெர்சி அதோட நிக்கல. உட்பிரிவு எஃப்ல முதல்ல வெடிமருந்து துப்பாக்கிய சொல்லிட்டு, அப்புறம் ஸ்பிரிங், எலாஸ்டிக் பேண்ட், கார்பன் டையாக்சைடு, அமுக்கின காத்து இதுல எது தள்ளினாலும் சரி, ஒரு அங்குலத்துல எட்டுல மூணு பங்குக்கு, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டருக்கு, சின்ன குண்டு ஒரு ஆளுக்கு காயம் பண்ற வேகத்துல வெளிய போச்சுன்னா அதுவும் துப்பாக்கின்னு எழுதிருக்கு. இந்த ஒரு வரிய நல்லா மண்டையில ஏத்திக்கோங்க, முக்காவாசி கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு.

இப்ப நீங்களே வச்சுப் பாருங்க. பி.பி. கன்னோட குண்டு 4.5 மில்லிமீட்டர், பெல்லட் ரைபிள் 4.5 இல்லன்னா 5.5, ரெண்டும் உள்ள வந்துருச்சு. பெயிண்ட்பால் குண்டு சுமார் 17 மில்லிமீட்டர், அளவு தாண்டிப் போறதால இந்த வரில மாட்டாது. பிளாஸ்டிக் குண்டு சுடற ஏர்சாஃப்ட்தான் இடிக்குது, குண்டு 6 மில்லிமீட்டர், அளவுல உள்ள வந்துடும், காயம் பண்ற வேகம் இருக்கா இல்லையாங்கறதுல வாதம் போகும், அந்த வாதத்த கோர்ட்டுல நின்னு பண்ற அளவுக்கு அந்த சாமான் உங்களுக்கு முக்கியமான்னு யோசிச்சுக்கோங்க. என்னைக் கேட்டா வேண்டாம்.

பக்கத்து ஸ்டேட்டெல்லாம் பார்த்தா தலை சுத்தும். பென்சில்வேனியாவுல, லைசென்ஸ் சம்பந்தப்பட்ட அத்தியாயத்துல 'ஃபயர்ஆர்ம்'னா 15 அங்குலத்துக்கு குறைவான குழல் இருக்கற பிஸ்டல், ரிவால்வர், குட்டைக் குழல் ரைபிள், ஷாட்கன் அவ்வளவுதான், சாதாரண நீள ரைபிள் அந்த சொல்லுக்குள்ளயே வராது. நியூ யார்க்லயும் அதே ரகம்தான், ஆனா நியூ யார்க் சிட்டிக்குள்ள மட்டும் ஏர் கன்னுக்கு தனித் தடை. இல்லினாய்ஸ்ல 0.18 அங்குலம் வரை உள்ள உருண்டை குண்டு பி.பி. கன், வினாடிக்கு 700 அடிக்கு குறைவான வேகம் உள்ள ஏர் கன் எல்லாம் விலக்கு. அதனால சிகாகோவுல இருக்கற மச்சான் சொன்னார், டாலஸ்ல இருக்கற கொலீக் சொன்னார்னு இங்க வாங்கக் கூடாது.

தண்டனைய பத்தி ஒரு வார்த்தை. பெர்மிட் இல்லாம ஏர் பிஸ்டல் வச்சிருந்தா நியூ ஜெர்சில தேர்ட் டிகிரி கிரைம், 3லேர்ந்து 5 வருஷம் வரை போகும். நிஜ கைத்துப்பாக்கின்னா செகண்ட் டிகிரி, 5லேர்ந்து 10 வருஷம், அதுல துப்பாக்கி குத்தத்துக்கு குறைஞ்சபட்ச ஜெயில கட்டாயமாக்கற கிரேவ்ஸ் ஆக்ட்னு ஒண்ணு சேர்ந்துக்கும், வழக்கமா 42 மாசம் பரோலே கிடையாது. டிராஃபிக் டிக்கெட் மாதிரி ஃபைன் கட்டிட்டு போயிரலாம்னு ப்ளீக்கு, அதாவது குத்தத்த ஒத்துக்கற பேரத்துக்கு, சரின்னுடாதீங்க, கிரிமினல் வக்கீலோட இமிக்ரேஷன் வக்கீலையும் சேர்த்து உக்கார வச்சு பேசினப்புறம் கையெழுத்து போடுங்க.

3. நீங்க வாங்கப்போறது எந்த ரகம்னு முடிவு பண்ணுங்க

ஏன்னா ரகத்த பொறுத்துதான் பேப்பர். ஒரே கையால சுடறதுக்குன்னு செஞ்சது ஹேண்ட்கன், பிஸ்டலும் ரிவால்வரும் இதுல. தோள்ல வச்சு, உள்ள முறுக்குக் கோடு போட்ட குழல் வழியா ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குண்டு போறது ரைபிள். வழவழப்பான குழல், உள்ள ரவை மாதிரி நிறைய குண்டு போறது ஷாட்கன்.

ரைபிள், ஷாட்கன், ஏர் ரைபிள் வாங்க ஃபயர்ஆர்ம்ஸ் பர்ச்சேசர் ஐடி கார்டு வேணும், வயசு 18. பிஸ்டலுக்கு, ஏர் பிஸ்டலும் சேர்த்துதான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பர்ச்சேஸ் பெர்மிட், வயசு 21, அதுவும் பொதுவா 30 நாளைக்கு ஒண்ணுதான்.

பசங்களுக்கு நேரா வாங்கிக் குடுக்க முடியாது. 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க கார்டு வச்சிருக்கற அப்பா அம்மாவோட நேரடி கண்காணிப்புல, இல்ல ரேஞ்சு, வேட்டைன்னு சட்டம் சொல்ற சில இடத்துலதான் தொடலாம். பர்த்டே பார்ட்டி கிஃப்டா பி.பி. கன் எல்லாம் நினைச்சுக்கூட பார்க்காதீங்க.

பழைய துப்பாக்கி, சுவத்துல மாட்டற அழகுக்குன்னு வாங்கறவங்க ஒரு விஷயம் பார்த்துக்கோங்க. நியூ ஜெர்சி சட்டத்துல ஆன்டிக்ங்கறதுக்கு வர்ற வருஷக் கணக்கு 1898க்கு முன்னாடி, ஃபெடரல்ல 1898ம் அதுக்கு முன்னாடியும். ஒரே வருஷ வித்தியாசம்தான், ஆனா ஏலத்துல விக்கிறவர் ஃபெடரல் கணக்க சொல்லித்தான் விப்பார். இங்க வருஷம் மட்டும் போதாது, அதுக்கு தோட்டா இப்ப கடையில கிடைக்குதான்னும் பார்ப்பாங்க.

4. துப்பாக்கி இல்லாத சாமான்களையும் ஒரு ரவுண்டு பாருங்க

இதுதான் துப்பாக்கியே வேண்டாங்கற குடும்பத்துக்கும் தேவையான பகுதி. அதே செக்‌ஷன்ல 'வெப்பன்'னு ஒரு சொல்லு இருக்கு, உயிருக்கோ உடம்புக்கோ பெரிய சேதம் பண்ணக்கூடிய எதுவும் அதுல வரும், குண்டு போடாத துப்பாக்கி, ஒரு பாகம் கழட்டி வச்ச துப்பாக்கிகூட.

உண்டிவில். ஆமா, நம்ம கவட்டைதான். பட்டன் கத்தி, குத்துவாள், இரும்பு நக்கிள், இவங்களோட ஒரே வரிசைல ஸ்லிங்ஷாட்டும் எழுதிருக்கு. சொல்லி விளங்க வைக்கிற மாதிரி நியாயமான காரணம் இல்லாம வச்சிருந்தா ஃபோர்த் டிகிரி கிரைம், 18 மாசம் வரை. ஊருல மாங்கா அடிச்ச ஞாபகத்துல சூட்கேஸ்ல போட்டு எடுத்துட்டு வராதீங்க.

அருவாமனை, வெட்டுக்கத்தி, தேங்கா உடைக்கிற அருவா எல்லாம் சமையக்கட்டுல இருக்கற வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாத மாதிரி ஒரு ஆயுதத்த வச்சிருந்தாலே குத்தம்னு 2சி:39-5ல இருக்கு. கோயில் விசேஷத்துக்கு தேங்கா உடைக்க எடுத்துட்டுப் போறீங்கன்னா துணில சுத்தி டப்பால போட்டு டிக்கில வைங்க, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க. சீட்டுக்கு அடியில மாசக்கணக்குல கிடக்க விட்டா, போலீஸ் நிறுத்தறப்ப தேங்கா கதைய யாரும் நம்ப மாட்டாங்க.

பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாம், பெர்மிட் வேண்டாம், ஆனா 18 வயசு ஆகியிருக்கணும், கிரிமினல் தண்டனை இருக்கக் கூடாது, பாக்கெட்ல அடங்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு, உள்ள இருக்கற மருந்து முக்கால் அவுன்சுக்கு மேல போகக் கூடாது. ஆன்லைன்ல வர்ற கரடி விரட்டற ஸ்ப்ரே இதவிட பல மடங்கு பெரிசு, தற்காப்புக்குன்னு அத ஹேண்ட்பேக்ல வச்சுக்க முடியாது. காலேஜ் போற பொண்ணுக்கு வாங்கறதா இருந்தா டப்பா மேல அளவ படிச்சுட்டு வாங்குங்க, அந்தக் காலேஜோட சொந்த விதியையும் பாருங்க. ஸ்டன் கன்னுக்கு இருந்த முழுத் தடைய 2017ல ஸ்டேட்டே கோர்ட்டுல விட்டுக் குடுத்துருச்சு.

தீபாவளி சுருள் கேப் துப்பாக்கி இருக்கே, ஊருலேர்ந்து தாத்தா பாட்டி ஆசையா வாங்கிட்டு வருவாங்க, கறுப்பா வெள்ளியா பளபளன்னு நிஜம் மாதிரியே இருக்கும். இங்க விக்கிற பொம்மைத் துப்பாக்கில நுனில பளிச்சுன்னு ஆரஞ்சு இருக்கணும்னு ஃபெடரல் விதி, நம்ம ஊரு சாமான்ல அது இருக்கறதில்ல. நிஜத் துப்பாக்கின்னு நம்பற மாதிரி இருக்கற எதையும் இமிட்டேஷன் ஃபயர்ஆர்ம்னு நியூ ஜெர்சி தனியா அர்த்தம் சொல்லி வச்சிருக்கு. தப்பான எண்ணத்தோட வச்சிருக்கற மாதிரி தோணினாத்தான் குத்தம், ஆனா கேஸவிட எனக்கு பயம் வேற, ஒரு பதட்டமான போலீஸ்காரர் முன்னாடி பையன் அத நீட்டிட்டு நிக்கக் கூடாது. ஃபிளைட்லயும் கேபின் பேக்ல வைக்க விட மாட்டாங்க, செக்-இன் பெட்டிதான். பேசாம ஊருலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க.

5. நீளம், கொள்ளளவு

இது சுருக்கமா. ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கு குறையக் கூடாது, ரைபிள் குழல் 16, ரெண்டுலயும் மொத்த நீளம் 26க்கு குறையக் கூடாது. தோட்டா அடுக்கற மேகசின்ல 10 ரவுண்டுக்கு மேல போனா தடை, முன்னாடி 15ஆ இருந்தது 2018ல குறைச்சாங்க. சைலன்சர் கிடையாது. அசால்ட் ஃபயர்ஆர்ம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, பேர் சொல்லியே எழுதிருக்காங்க, அதோட 'கிட்டத்தட்ட அதே மாதிரி'ன்னு ஒரு வாலும் வச்சிருக்காங்க, அந்த வால்தான் ஆளுங்கள இழுத்து விடும். இந்த மேகசின், அசால்ட் தடை மேல எல்லாம் கோர்ட்டுல வழக்கு போயிட்டு வருது, அதனால வாங்கற அன்னிக்கு நிலவரத்த ஸ்டேட் போலீஸ் சைட்ல பார்த்துக்கோங்க. நுனில குழி இருக்கற ஹாலோ பாயின்ட் தோட்டா வீட்டுலயும் ரேஞ்சுலயும் வச்சுக்கலாம், கடையிலேர்ந்து வீட்டுக்கு கொண்டு வரலாம், பாக்கெட்ல போட்டுட்டு ஊர் சுத்த முடியாது.

6. பேப்பர், காசு, காத்திருப்பு

எல்லாம் ஆன்லைன்தான், ஸ்டேட் போலீசோட ஃபயர்ஆர்ம்ஸ் அப்ளிகேஷன் சிஸ்டம். உங்க ஊர் போலீஸ் ஸ்டேஷனோட ஓ.ஆர்.ஐ. நம்பர், அதாவது அந்த ஸ்டேஷனோட அடையாள எண், கேக்கும், ஸ்டேஷன் சைட்ல இருக்கும் இல்லன்னா போன் பண்ணி கேளுங்க. தப்பு நம்பர் போட்டா அப்ளிகேஷன் வேற ஊருக்குப் போயிரும். உங்க ஊர்ல தனி போலீஸ் இல்லன்னா ஸ்டேட் போலீஸ் ஸ்டேஷன்தான் பார்க்கும்.

கையில வச்சுக்க வேண்டியது: இப்ப இருக்கற விலாசம் போட்ட டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு அல்லது குடியுரிமை ஆதாரம், முன்னாடி இருந்த விலாசங்கள், வேலை விவரம், போட்டோ, பாதுகாப்பா கையாளற பயிற்சி முடிச்சதுக்கு ஆதாரம். பயிற்சியும் போட்டோவும் 2022 சட்டத்துக்கு அப்புறம் வந்தது. மனநல ரெக்கார்டு தேடறதுக்கு சம்மதமும் குடுக்கணும்.

செலவு இப்படி: ஐடி கார்டு 50 டாலர், ஒவ்வொரு பிஸ்டல் பெர்மிட்டுக்கும் 25 டாலர், முன்னாடி 5ம் 2மா இருந்தது 2022 கடைசில ஏத்திட்டாங்க. கைரேகை வெளி கம்பெனி எடுக்கும், அதுக்கு தனிக் காசு, அப்பாயின்ட்மென்ட் போடணும்.

சாட்சி மாதிரி ரெண்டு பேர் பேர் குடுக்கணும், சொந்தக்காரங்க வேண்டாம். அவங்களுக்கு ஈமெயில்ல கேள்வி வரும், அது ஸ்பேம்ல போய் உக்காந்துக்கும், அவங்க பதில் போடாத வரைக்கும் உங்க ஃபைல் ஒரு அடி நகராது, யாரும் உங்களுக்கு சொல்லவும் மாட்டாங்க. பேர் குடுக்கறதுக்கு முன்னாடியே போன் பண்ணி சொல்லி வைங்க, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கேளுங்க.

அப்புறம் நம்ம பேர். இது தமிழனுக்குன்னே இருக்கற தலைவலி. பாஸ்போர்ட்ல அப்பா பேர் ஒரு பக்கம், லைசென்ஸ்ல இனிஷியல், கிரீன் கார்டுல முன்ன பின்ன, சிலருக்கு விசால முதல் பேரே தெரியாதுன்னு எஃப்.என்.யூ. போட்டிருப்பாங்க. ஃபார்ம்ல வேற பேர் இருந்திருக்கான்னு கேக்கற இடத்துல இது எல்லாத்தையும் எழுதிருங்க, கல்யாணத்துக்கு முந்தின பேர் உட்பட. முடிஞ்சா லைசென்சையும் கிரீன் கார்டையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு அப்புறமா அப்ளை பண்ணுங்க, நடுவுல மாத்தினா கைரேகை ஒரு பேர்ல ஃபைல் ஒரு பேர்லன்னு ஆயிரும்.

சட்டம் 30 நாள்னு சொல்லுது. ஊருக்கு ஊர் மாறும், சில இடத்துல ரெண்டு மூணு மாசம்கூட இழுக்கும், 30 தாண்டினா மரியாதையா ஒரு ஈமெயில் போட்டு கேக்கலாம். பிஸ்டல் பெர்மிட் 90 நாள்தான் செல்லும், காரணம் சொன்னா இன்னொரு 90 நாள் நீட்டிப்பாங்க, அதனால எந்த மாடல்னு முடிவு பண்ணாம பெர்மிட் போடாதீங்க. ஐடி கார்டு பத்து வருஷத்துக்கு. வீடு மாறினா விலாசம் மாத்தணும்.

7. கடையில

ஃபெடரல் ஃபார்ம் 4473 குடுப்பாங்க. குடியுரிமை நாடு, கிரீன் கார்டு நம்பர் ரெண்டும் கேக்கும். லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே பேர எழுதுங்க. பொய் எழுதினா அதுவே தனி ஃபெடரல் குத்தம். நியூ ஜெர்சில கஞ்சா கடை 2022லேர்ந்து சட்டப்படி திறந்திருக்கு, ஆனா ஃபார்ம்ல அந்தக் கேள்விக்கு கீழயே ஸ்டேட் அனுமதிச்சாலும் ஃபெடரல்ல தப்புதான்னு எச்சரிக்கை போட்டிருக்கு, படிச்சுட்டு டிக் பண்ணுங்க. வேற ஒருத்தருக்காக வாங்கிக் குடுக்கறது, அதுவும் எச்-1பி ஃப்ரெண்டுக்காக, சுத்தமா கூடாது.

8. கார்ல கொண்டு போறதும் ஸ்டேட் எல்லையும்

குண்டு இல்லாம, மூடிப் பூட்டின பெட்டிலயோ டிக்கில பூட்டியோ வச்சுத்தான் கொண்டு போகணும். கடை, வீடு, ரேஞ்சு, ரிப்பேர் கடை, இப்படி சட்டம் சொல்ற இடத்துக்கு மட்டும். வழியில தேவையான அளவு நிக்கலாம்னு இருக்கு, பெட்ரோல் போடறது சரி, ரேஞ்சுலேர்ந்து திரும்பறப்ப மாலுக்குப் போயி சினிமா பார்த்துட்டு வர்றது சரியில்ல.

வேற ஸ்டேட் பெர்மிட் இங்க செல்லாது. 2013ல பிலடெல்பியாக்காரம்மா ஒருத்தங்க துப்பாக்கிய கூடவே எடுத்துட்டுப் போக பென்சில்வேனியா குடுத்த கேரி பெர்மிட் இருக்கேன்னு நம்பி, போலீஸ் நிறுத்தினப்ப தானே கார்ல துப்பாக்கி இருக்குன்னு சொன்னாங்க, கைது ஆனாங்க, கிரேவ்ஸ் ஆக்ட் வரைக்கும் பேச்சு போச்சு, கடைசில 2015ல ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு குடுத்தார். எல்லாருக்கும் ஆளுநர் வர மாட்டார்.

டெக்சாஸ்லயோ வேற எங்கயோ வாங்கின துப்பாக்கியோட நியூ ஜெர்சிக்கு குடி வர்றீங்கன்னா, வந்து 60 நாளைக்குள்ள ஐடி கார்டுக்கு அப்ளை பண்ணி, அந்தத் துப்பாக்கியையும் பதிவு பண்ணணும், இது 2022 சட்டம். 10க்கு மேல போற மேகசின், அசால்ட் லிஸ்ட்ல வர்ற சாமான் இதெல்லாம் பதிவு பண்ணினாலும் உள்ள வராது, கிளம்பறதுக்கு முன்னாடி அங்கயே வித்துருங்க. மூவர்ஸ் லாரில ஏத்தறதுக்கு முன்னாடி பெட்டி பெட்டியா ஒரு தடவை பாருங்க, கராஜ்ல மறந்து கிடக்கற பையனோட பெல்லட் கன், பழைய தோட்டா டப்பா, உண்டிவில் எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும்.